துப்புரவு

பக்கத்துக்கு எழுநூற்றைம்பது ரூபாய்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஆண்டுவிழாவுக்கு முன்
பட்டாலியனின் வரலாறு தமிழில் வேண்டுமாம்.
கச்சேரி வாசலில் ஜீப்பை நிறுத்தி
லெப்டினன்ட் தென்னகோன் கொண்டுவந்து தந்தான்.
முகப்பரு இன்னும் ஆறாத பொடியன்.
"லேசான சிங்களம்தான் மிஸ்" என்றான்,
பயிற்சி நெறியில் படித்த தமிழில்.

லேசுதான்.
தோற்றுவிக்கப்பட்டது. அனுப்பப்பட்டது.
நிலைகொண்டது. முன்னேறியது.
முதல் இருபது பக்கம் கொடி, பாண்ட், அணிவகுப்பு,
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குக் காவல்.
ஒருவனைத் தேள் கொட்டியதுதான் சேதம்.
எழுவாய் எப்போதும் பட்டாலியன்,
இல்லையென்றால் தோன்றா எழுவாய்.
செயப்படுபொருளைத்தான்
பக்கம் பக்கமாகத் தேடினேன்.

நாற்பத்தோராம் பக்கம்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆடி மாதம்.
'நகரின் வடபகுதி துப்புரவு செய்யப்பட்டது.'
அகராதியில் வேறு இரண்டு சொல் கிடந்தன:
சுத்திகரிப்பு, கழிவகற்றல்.
மூன்றும் நகரசபை லொறியில் எழுதியிருப்பவை.

அன்று விடிய நாலு மணிக்கு
ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப்
பள்ளிக்கூட மைதானத்தில் குந்தவைத்தார்கள்.
ஜீப்புக்குள் தலையாட்டி.
வெங்காயச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
வரிசை நகர்ந்தது. சாக்கு அசையவில்லை.
அண்ணன் முன்னால் போய் நின்றபோது
உள்ளே ஒரு தும்மல்.
அதையே ஆமென்று எடுத்துக்கொண்டார்கள்.

எழுதினேன்: துப்புரவு செய்யப்பட்டது.
எழுநூற்றைம்பது.

அறுபத்தேழாம் பக்கத்தில் கடல் வருகிறது.
'நிவாரணப் பணிகளில் ஈடுபட்டது.' ஒரே வசனம்.
எனக்கு அதைவிடக் கூடத் தெரியும்.
வேப்பங்கொப்பில் துணி கிழிந்து தொங்கிய என்னை
நிமிர்ந்து பார்க்காமல் ஒருவன்
தன் சேர்ட்டைக் கழற்றி மேலே எறிந்தான்.
நான் போட்டு முடியும்வரை
இடுப்பளவு தண்ணீரில்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.
அதே பள்ளிக்கூடத்தில், அகதியாக,
நாலு நாள் அந்தச் சேர்ட்டோடு இருந்தேன்.
நெஞ்சில் சிங்களத்தில் பெயர் தைத்திருந்தது.
அப்போது எனக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.
கூட்டினேன்.
எ. தி. ரி.
அங்கேயே நின்றுவிட்டேன்.
மறுநாள்தான் மிச்சத்தை வாசித்தேன்.
எதிரிமான்ன.

சமாதானத்துக்கு ஆறு பக்கம், அதில் நாலு படம்.
கரப்பந்துக் கிண்ணம். மரநடுகை.
நிலாவெளி வீதியில் பட்டாலியனின் தேநீர்க்கடை.
அங்கே பருப்பு வடை திறம் என்பதை
நூல் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.
கடை நிற்கிற காணி யாருடையது என்பதையும்
நூல் சொல்லவில்லை.

பின்னிணைப்பு: உயிர்நீத்தோர்.
பெயர்களை மொழிபெயர்க்க ஏலாது,
ஒலிபெயர்க்கலாம்.
இருநூற்றுப் பதினான்கு பெயர்.
நூற்று முப்பத்தொன்பதாவது
சிப்பாய், வயது இருபத்திரண்டு, முகமாலை.
எ. தி. ரி.
இந்த முறை நிற்கவில்லை.
மான்ன என்பதில் றன்னகரமா டண்ணகரமா என்று
அரை மணித்தியாலம் யோசித்தேன்.

பிறகு நாற்பத்தொன்றுக்குத் திரும்பிப் போனேன்.

கோட்டை வாசலில் காத்திருந்தபோது
ஒரு புள்ளிமான் வந்து கடித உறையை முகர்ந்தது.
சென்றி சிங்களத்தில் விரட்டினான், அசையவில்லை.
நான் தமிழில் விரட்டினேன், அசையவில்லை.
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலுக்குப் போய்விட்டது.

தென்னகோன் நின்றபடியே புரட்டினான்.
"மிஸ், இங்கே ஒரு பெயர் கூடியிருக்கு."
"இலக்கணம் அப்படி" என்றேன்.
விரலை வைத்து எழுத்துக்கூட்டினான்.
அ. ற. வா.
கடைசி எழுத்தில் நின்றான்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை.