முந்நூற்று அறுபது கிராம்

கேமரா வாங்குமுன்
ஒரு வாரம் உருளைக்கிழங்கு சுமந்தாள் ஓர்னெல்லா.

ஜெனோவாவில் தெருக்கள் மலையேறுகின்றன.
கீழ்த்தெருவுக்கும் மேல்தெருவுக்கும் நடுவே லிஃப்ட்,
பேருந்துபோல அதற்கும் டிக்கெட்.
அந்த லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவள் அவள்.
நீல மேலங்கி, இடுப்பில் திருப்புளி,
நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்.

பழைய கேமராவைக் குறை சொல்ல முடியாது.
லென்ஸோடு ஒன்றரைக் கிலோ.
மகளின் பட்டமளிப்புக்கு வந்தது,
கப்பலேறி சார்தீனியா வரை வந்தது.
விசேஷத்துக்கு மட்டும் தலைகாட்டும் உறவு.
மூன்று வருடமாய்
கம்பளிச் சட்டைகளுக்கு அடியில் அடக்கம்.
செவ்வாய்க்கிழமைக்கு அது வந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமையில்தான்
மெத்தையை நிமிர்த்தி லிஃப்டுக்குள் நிறுத்தி
அதன்மேல் சாய்ந்தவன்
அரை நிமிடப் பயணத்தில் தூங்கிப்போனான்.
கதவு திறந்து மூடித் திறந்தது.
அவளிடம் இருந்தது ஸ்பானர்.

தேவை கையடக்கம் என்று தெரிந்துவிட்டது.
எந்தக் கைக்கு, எவ்வளவு அடக்கம்?
அடுப்படித் தராசை எடுத்தாள்.

திங்களன்று மூன்று கிழங்கு, எழுநூறு கிராம்.
பதினொரு மணிக்கே மேலங்கி ஒருபக்கம் இழுத்தது.
மறுநாள் இரண்டு.
ஏணியில் ஏறும்போது கம்பியில் இடித்தது.
'மதியச் சாப்பாடா?' என்றான் தூலியோ, மேலிருந்து.
புதனும் அதே இரண்டு, பை மட்டும் வேறு. பயனில்லை.
வியாழன், ஒற்றைக் கிழங்கு.
இரவு வாசலில் சாவி தேடும்போதுதான்
விரலில் தட்டுப்பட்டது.
மறந்தே போயிருந்தாள்.
மறந்துபோன எடை எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தாள்:
முந்நூற்று அறுபது.

சனிக்கிழமை, கடை.
கண்ணாடி மேசைமேல் நான்கு கேமராக்களை வரிசையாக வைத்து
'எல்லாமே கண்ணாடி இல்லாதவை' என்றார் ஃபியோரென்சோ.
தமிழில் சொன்னால் கொஞ்சம் சிக்கல்தான்.
மேசை கண்ணாடி, லென்ஸ் கண்ணாடி,
ஓர்னெல்லாவின் மூக்கின்மேலும் கண்ணாடி.
அவர் சொன்னது
ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே எகிறி விழுமே
அந்தக் குட்டி ஆடியை.
அது இல்லை, அதன் படபடப்பும் இல்லை.

அவர் சென்சார் பற்றிப் பேசத் தொடங்கினார்.
அவள் பையிலிருந்து கிழங்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அவர் சிரிக்கவில்லை.
உள்ளே போய் பார்சல் தராசோடு வந்தார்.

முதலாவது கிழங்கைவிட லேசு.
ஆனால் பொத்தான்கள் கடுகு;
அவள் கட்டைவிரல் ஒன்றை அழுத்த இரண்டு அமுங்கின.
இரண்டாவதற்குள் பார்த்ததும் மூச்சு நின்றது.
தெருவிளக்கு வெளிச்சத்திலும் கன்னத்து ரோமம் தெரியுமாம்.
அறுநூற்று இருபது.
'நீயும் அலமாரிக்குத்தான் போவாய்'
என்று அதனிடமே சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.
மூன்றாவதன் விலையைக் கேட்டாள், அதோடு சரி.
நான்காவது, யாரோ வைத்திருந்தது.
மூலையில் கீறல், வடைத் தடிமனில் ஒரு லென்ஸ்,
மேலங்கிப் பையில் விட்டதும் காணாமல் போயிற்று.
'பேட்டரி சாயங்காலம் வரை தாங்காது' என்றார்,
விற்கிறவர் சொல்லக்கூடாததை.
இன்னொரு பேட்டரியும் வாங்கி
இடது பையில் போட்டாள்.
இடது பை கணக்கில் வராது.

வீட்டில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.
பெஸ்தோ, பீன்ஸ், உருளைக்கிழங்கு.
ஊர் வழக்கப்படி மூன்றும் ஒன்றாக வேண்டும்.
தோல் சீவப் போனவள் நின்றாள்.
ஒரு வார உடற்சூட்டில்
கிழங்கில் ஒரு கண் திறந்திருந்தது,
வெளிர் ஊதாவில், மிகச் சின்னதாய்.

ஜன்னலோரம் வைத்து ஒரு படம்.
சத்தமே வரவில்லை;
விழுந்ததா என்று சந்தேகப்பட்டு இன்னொன்று.
முதல் படம் ஆடியிருந்தது.
இரண்டாவதில் அவள் விரலும் இருக்கிறது.
தண்ணீர் கொதித்து வழிந்தது.