செயப்பாட்டுவினை

எர்ணாவூர், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு.
கரும்பலகையில் எழுதினேன்:
காற்றில் நுண்துகள்களின் அனுமதிக்கப்பட்ட அளவு.
விரலிலிருந்து சாக்பீஸ் தூள்
அந்த வரிக்குள்ளேயே உதிர்ந்தது.

மூன்றாம் பெஞ்சு தனபாக்கியம் எழுந்தாள்.
"அனுமதிச்சது யாரு மிஸ்?"
முந்தின பீரியடு தமிழ்.
செயப்பாட்டுவினை நடத்தியிருக்கிறார்கள்.
செய்தவர் வந்தால் 'ஆல்' வரும்,
வராமலும் வாக்கியம் முடியும் என்று.

புத்தகத்தைப் புரட்டினேன்.
எண் இருந்தது, அலகு இருந்தது,
படத்தில் ஒரு புகைபோக்கி, பக்கத்தில் ஏதோ மரம்.
'ஆல்' இல்லை.

அந்த சனிக்கிழமை ஆளுக்கொரு வெள்ளை அட்டை,
கட்டம் போட்டு, மேலே மெல்லிசாக வாசலின்.
மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் மேல்,
கரையேற்றிய படகின் முனையில்
இரண்டு ராத்திரி.

திங்கட்கிழமை இருபத்தெட்டு அட்டை,
பூதக்கண்ணாடி நாலு.
சண்டை உடனே ஆரம்பித்தது.
கொசுவின் கால் சேர்த்தியா?
ஒட்டிக்கிடக்கிற ரெண்டு புள்ளி ஒன்றா, ரெண்டா?
கோட்டின் மேல் விழுந்தது எந்தக் கட்டத்துக்கு?
கை தூக்கி முடிவு செய்தோம்:
கொசு வேண்டாம். கோட்டின் மேல் விழுந்தது அரை.

"பெரிய ஆளுங்களும் இப்டித்தான் கை தூக்குனாங்களா?"
ஏறக்குறைய. நாற்காலிகள் இன்னும் நல்லதாக இருந்திருக்கும்.
"அப்ப எல்லாம் உடான்ஸா மிஸ்?"
கேட்டது மதியொளி. எனக்குப் பயமாகிவிட்டது.
இல்லை, இல்லை என்றேன்.
எங்கே வேண்டுமானாலும் கை தூக்கிப் பார்,
அட்டையில் ஒரு புள்ளியாவது குறைகிறதா?
எதை எண்ணுவது என்று நாம் சொன்னோம்,
எத்தனை என்று கரி சொன்னது.
அந்த அறையில் யாருக்கு நாற்காலி போட்டார்கள்
என்றும் கேட்கலாம். அதுவும் பாடம்தான்.
(எந்த அலகில் சேர்ப்பதென்று இன்னும் தெரியவில்லை.)

கடைசி பெஞ்சிலிருந்து ஸ்தேவான்,
எழுந்திருக்காமலே:
"நாத்தம் நைட்டு ரெண்டு மணிக்கு வருது மிஸ்.
சராசரி பகல்லதான் வருது."

பெல் அடித்தும் யாரும் சிரிக்கவில்லை.

அவன் அட்டையை மட்டும் எண்ண முடியவில்லை.
வாசலினை, துகளோடு சேர்த்து,
பூனை நக்கியிருந்தது.
பூஜ்யம் போடலாமா என்று வாதாடி,
பதினேழாம் வரிசையில்
'பூனை' என்றே எழுதினோம்.

மேற்பார்வைக்கு வந்தவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.
சிவப்பு மையில் பூனையைச் சுற்றி ஒரு வட்டம்:
'திருத்தப்பட வேண்டும்.'

அவர் போன பிறகு கவனித்தேன்.
அதற்குக் கீழே பென்சிலில், பொடி எழுத்தில்,
தனபாக்கியம்:
யாரால்?