எண்ணுக்குப் பதில் எழுத்து

அந்த வரைபடத்தில் ஓடுபாதையின் எண்ணை நான் போடவில்லை.
ஒற்றை எழுத்து: ஏ.
நேரே வந்து இறங்க விடாத ஊர்களுக்கு
எங்கள் அலுவலகம் வைக்கும் பெயர்.

முப்பது பாகை வரை கோணலைச் சட்டம் பொறுக்கும்.
அந்த ஃபியோர்டின் மலை கேட்டது நாற்பத்தொன்று.
மலையோடு பேரம் பேச
ரெய்க்யவிக்கில் படிவம் கிடையாது.

ஆகவே, மேகத்துக்குக் கீழே வா,
பாதையைக் கண்ணால் பிடி,
விடாமல் சுற்று.
கண் தவறினால் ஏறிப் போய்விடு.

இன்று பதினொன்றாம் இருக்கையில் நானே.
கீழே என் தம்பி ஸ்டெய்ன்தோர்.
அப்பாவின் படகை விற்ற பணம் பற்றி
"சுற்றி வளைக்காமல் சொல்" என்று
போனை வைத்தவன்.

இறக்கை சாய்கிறது.
மீன் ஆலைக் கூரை, காயும் வலை,
வேலியோரம் அவனுடைய மஞ்சள் வேன்,
பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு.
அதை வலப்பக்கமே வைத்து
பாதி வட்டம்

பனிமூட்டம்.

விமானி ஸ்வன்டிஸ் தயங்கவில்லை.
முதலில் ஓடுபாதைப் பக்கம் திரும்பு, பிறகு ஏறு:
நான் எழுதிய வரிதான்.
அவன் தலைக்கு மேலேதான் போயிருப்போம்.
சத்தம் கேட்டிருக்கும்.

சட்டைப் பையில் காசோலை.
பெயர் எழுதியாயிற்று,
தொகைதான் இன்னும்.