பிக்கப்

ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது
பின்சீட்டுப் பெண் போனிலிருந்து நிமிர்ந்தாள்.
டேஷ்போர்டு மாதாவைப் பார்த்திருப்பாள்.
"நீங்க தமிழா அங்கிள்?
கன்னடம் சூப்பரா பிக்கப் பண்ணியிருக்கீங்களே!"

கண்ணாடியில் சிரித்துவைத்தேன்.
ரேட்டிங் நாலு புள்ளி ஏழு.
சிரிக்காமல் முடியாது.

விடிந்ததிலிருந்து அந்த ஒரு சொல்லில்தான்
ஓடுகிறது பிழைப்பு.
பிக்கப் பாயிண்டுக்கு வந்தாச்சு மேடம்.
எந்த கேட்டு? போனைக் கொஞ்சம் பிக்கப் பண்ணுங்க.
வண்டியில் பிக்கப் இல்லை, கிளட்ச் தேய்ஞ்சிடுச்சு
என்கிறான் நயாஸ்.
மழை விட்டால் சவாரி பிக்கப் ஆகும்
என்பதும் அவனேதான்.

இங்கிலீஷ்காரன் சிக்கனக்காரன்.
நமக்கு இதற்கே எத்தனை கை வேண்டியிருக்கிறது:
போனை எடுக்க ஒன்று,
அழுகிற பிள்ளையைத் தூக்க,
உருண்டோடிய சில்லறையைப் பொறுக்க.
ஆளையே தூக்குவது என்றால்
அதற்கு ஜீப்போடு வருவார்கள்.

கன்னடம் இதில் எந்தக் கையில் வந்தது?
கீழே கிடந்ததா, குனிந்து எடுக்க?

காவிரிக் கலவரம். எனக்குப் பதினெட்டு.
ஸ்ரீராமபுரம் முனையில் ஐந்தாறு பேர்,
ஒருவன் கையில் சைக்கிள் செயின்.
வரிசையாக நிறுத்தி ஒரே கேள்வி:
காலையில் என்ன குடித்தாய்?

ஹாலு, என்றேன்.
நம்முடைய 'ப'வைக் கழற்றிவிட்டு
அங்கே ஒரு மூச்சை வைத்தால் கன்னடம்.
போ என்றார்கள்.

எனக்குப் பின்னால் சவரி அண்ணன்.
அன்று காலை அவன் எதுவும் குடித்திருக்கவில்லை.
அதைச் சொல்லலாமா என்று
யோசித்திருக்க வேண்டும்.
பாலு, என்றான்.

எனக்குக் கேட்டது.
நான் திரும்பவில்லை.

அவனை ரோட்டிலிருந்து தூக்கி
கே.சி. ஜெனரலில் சேர்த்தது
ஒரு பூக்கார அம்மா. கன்னடக்காரி.
பேர் கூடச் சொல்லாமல் போனாளாம்.

அண்ணன் இப்போது ஓசூரில்.
ஈஸ்டருக்கு ஈஸ்டர் அடிப்பேன்.
ரிங் போகும்.
கடைசி மணி வரைக்கும் போகும்.

ஏர்போர்ட்டில் இறங்கிய பெண்
ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள்.
வண்டியைத் திருப்புவதற்குள் அடுத்த சவாரி ஒலிக்கிறது:
டிராப், அத்திபெலே.
அங்கிருந்து ஓசூர் எட்டே கிலோமீட்டர்.

பதினைந்து நொடி தருகிறது ஆப்,
எடுக்கவா விடவா.

பதினொன்று.
கிளட்ச் தாங்காது.
ஒன்பது.