உள்மடிப்பு

ஒன்றரை ஷிப்ட் முடிந்த சனிக்கிழமை ராத்திரி
சம்பளக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டு
கட்டிங் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினேன்
ஒன்றேகால் மீட்டர் டிரில் துணி.
கேன்சலான ஆர்டரின் நீலம்.
"ஆருக்கு?" என்றார்.
"ஒறம்பரைக்குங்க."
கணக்கில் எழுதாமல் வெட்டிக் கொடுத்தார்.

பதினாறு வருசமாகத் தைக்கிறேன் திருப்பூரில்.
எஸ், எம், எல், எக்ஸெல்.
நான் பூட்டிய கைகளுக்குள் கை நுழைத்து
எந்த ஊரிலோ யாரோ நாயோடு நடக்கிறார்கள்.
அவர்கள் தோள் எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு ஜோடி கைக்கு இரண்டு ரூபாய்.

இது அர்த்தநாரி மச்சானுக்கு.
கல்கத்தா கௌகாத்தி என்று
முப்பது வருசம் லாரி ஓட்டியவர்.
சர்க்கரை கண்ணுக்குள் இறங்கியதும்
சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு
சங்ககிரி ரோட்டோரம்
தகரத்துக்கு அடியில் தோசைக்கல் போட்டிருக்கிறார்.
எண்ணெய் தெறித்துத் தெறித்து
சட்டை முன்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு.

ஆடி நோம்பிக்குப் போனபோது சொன்னேன்,
"மேல ஒரு ஏப்ரன் கட்டிக்கோங்க மச்சான்."
"பாவாடையா?" என்றார்.
"பேருக்கு ஏத்தாப்புல இருக்கட்டுமே" என்றாள் அக்கா.
கல்லில் இருந்த தோசை கருகும்வரை
சிரித்துக்கொண்டிருந்தோம்.

அளவு வேண்டும்.
போன் போட்டால் அக்கா சொல்கிறாள்
வீட்டில் டேப் இல்லையாம்.
அளவுச் சட்டை அனுப்பு என்றேன்.
"அதெல்லாம் தொளதொளன்னு கெடக்குது."
பிறகு குரலைத் தணித்து,
கடையில் ஆள் இருந்திருக்க வேண்டும்,
"முன்னெல்லாம் கட்டிப் புடிச்சா
பின்னால என்ர ரெண்டு நடுவெரலும்
தொட்டும் தொடாமயும் நிக்கும் கண்ணு.
இப்ப
ஒரு கை இன்னொரு மணிக்கட்டப் புடிக்குது."

போனுக்குள் கொஞ்ச நேரம்
லாரிகள் மட்டும் போயின.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே கை நீளம்.
ஒருத்தி ரவிக்கையில் இன்னொருத்தி வளர்ந்தவர்கள்.
குடோனுக்குப் போய்
கட்டி வைத்திருந்த பனியன் பண்டல்களை
ஒவ்வொன்றாய்க் கட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
வாட்ச்மேன், ஒரிசாப் பையன்,
டார்ச்சை ஒருமுறை அடித்துவிட்டு
மரியாதையாக அணைத்தான்.
நான்காவது பண்டலில் மணிக்கட்டு அகப்பட்டது.
டேப்பைச் சுற்றினேன்: நாற்பது.
விரல் தொட்டும் தொடாததுமாய் நின்ற பண்டல்
நாற்பத்தெட்டு.

எட்டு இஞ்ச் எங்கே போகும் ஒரு மனுசனிடமிருந்து?
வேஸ்ட் மூட்டைக்குக்கூட ஒரு கணக்கு உண்டு,
கிலோ இவ்வளவு என்று.

நாடாவை நீளமாக விட்டேன்,
பின்னால் போய்த் திரும்பி
முன்னால் வந்து முடிச்சுப் போட.
தோள் அவருக்கு அவ்வளவு வளையாது.
பெரிய பாக்கெட் கைத்துணிக்கு.
அதற்குள் தீப்பெட்டி அளவில் இன்னொன்று,
சர்க்கரை சட்டென்று இறங்கினால்
வாயில் போட ரெண்டு மிட்டாய்க்கு.
ஓரமெல்லாம் இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல்,
எக்ஸ்போர்ட் கணக்கு.

இரண்டு பக்கமும்
இரண்டு இரண்டு இஞ்ச் உள்ளே மடித்தேன்,
பள்ளிக்கூடப் பிள்ளை யூனிபாரத்துக்கு விடுவது போல.
அங்கு மட்டும் எட்டி எட்டிப் பெரிய தையல்.
நூலின் ஒரு முனையை இழுத்தால்
மொத்தமும் பிரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயில்.
மச்சான் கட்டிக்கொண்டார்.
டீ குடித்துக்கொண்டிருந்த கிளீனர் பையன்
"டாக்டரு" என்றான்.
அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு
ஒரு தோசை திருப்பினார்,
எண்ணெய்க் கையைப் பழக்கத்தில்
லுங்கியில் துடைத்தார்.

அக்கா பக்கத்தில் வந்து நின்று
ஓரத்தைப் பிடித்து உள்பக்கம் புரட்டினாள்.
மடிப்பை விரலால் அளந்தாள்.
"ரெண்டு இஞ்சா?"
"பக்கத்துக்கு ரெண்டு."
"பத்துமா?"

தட்டை நீட்டினேன்.
மச்சான் கேட்காமலே
இரண்டு வைத்தார்.