இன்னும் காயவில்லை

பதினொரு வருஷம் இந்தச் சுவர் ஐவரி.
அழுக்குத் தெரியாது என்றான் தயாளன்.
தெரிந்தது.
டிவி மாட்டியிருந்த இடம் மட்டும்
வெளுப்பாய், நீள்சதுரமாய்,
ஹாலுக்குள் வேறொரு வீட்டின் ஜன்னல் மாதிரி.

வில்லிவாக்கம் ஹார்ட்வேர் கடையில்
ஷேடு கார்டைப் பிரித்தால் பச்சையிலேயே நாற்பது.
"ஹாலுக்கு லைட்டா எடுங்க மேடம்" என்றார் கடைக்காரர்.
கிளிமூக்கு மாங்காயை நறுக்கியதும்
தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஒரு பச்சை வருமே,
அதில் விரல் வைத்தேன்.
உப்பும் மிளகாய்த்தூளும் இல்லாமலே நாக்கு ஊறியது.

மஸ்தான் பாய் புட்டிக் கத்தியால்
ஆணி ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வந்தார்.
கல்யாண போட்டோவுக்கு இரண்டு,
கடிகாரத்துக்கு ஒன்று,
எதற்கென்றே தெரியாமல் அடித்தவை ஏழு.
ஏணியிலிருந்து இறங்கிச் சுவரைத் தடவினார்.
"ஓதம் இருக்கும்மா. ஐப்பசியில ஆரம்பிச்சிட்டீங்க.
காய நாளாகும், பொறுத்துக்கணும்."
பொறுத்துக்கொள்வதில் எனக்கு அனுபவம் உண்டு என்று
அவரிடம் சொல்லவில்லை.

கட்டில்தான் பிரச்சினை.
ஆறுக்கு ஆறேகால், தேக்கு.
மாடிப்படியில் திரும்பாது.
காயலான் கடைக்காரன் மூவாயிரம் என்றான்,
இறக்கும் கூலி என்னுடையதாம்.
ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன்:
நடுவால் அறுத்துவிடுங்கள்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
மறுபடி காதிலேயே வைத்தார்.
"கட்டிலை அறுக்கக் கூடாதும்மா."
"அறுத்தால்?"
யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.
"வெள்ளிக்கிழமை வேணாம்" என்றார்.
சனிக்கிழமை அறுத்தார்.

மூன்று நாள் சாம்பாரில்கூட மரத்தூள்.
என் பக்கம் யாழ்மொழிக்குப் புத்தக அலமாரி ஆனது.
அவன் பக்கம் பெஞ்ச்.
சாய்வு வைக்கட்டுமா என்று கேட்டார்.
வேண்டாம், சுவர் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு
மகளைக் கூட்டிப்போக வருகிறவன்
அன்று ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டான்.
உள்ளே அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள்.
நின்று பார்த்தான்.
"பச்சை கொஞ்சம் தூக்கலா இல்ல?"
பிறகு உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்து,
"பெஞ்ச் நல்லா இருக்கே. எங்க வாங்கின?"
"புதுப்பேட்டை."

ஸ்கூல் ஃபீஸ் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.
வலது கை மட்டும்
விளிம்புக்கு அடியில் தானாகப் போயிற்று.
அங்கே ஒரு தழும்பு உண்டு,
கரண்ட் போன ஒரு மே மாத ராத்திரியில்
கொசுவத்தி சுட்டது.
தூக்கம் வராதபோதெல்லாம் அதைத்தான்
கட்டைவிரலால் தேய்த்தபடி கிடப்பான்,
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

விரல் அதைக் கண்டுபிடித்தது.
தேய்த்தது.
முகத்துக்குச் சேதி போகவே இல்லை.
"இந்த டெர்ம் பாதி நான் கட்டிடறேன்" என்றது முகம்.

மகள் வந்தாள். எழுந்து திரும்பினான்.
வெள்ளைச் சட்டை.
தோள்பட்டைகளுக்கு நடுவே
உள்ளங்கை அகலத்துக்கு மாங்காய்.

சொல்லியிருக்கலாம்.
ஈரத்துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
"அப்பா, முதுகுல..." என்று ஆரம்பித்த யாழ்மொழி
என்னைப் பார்த்தாள்.
நான் அவளிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள்.
சிரிப்பை அடக்கத் தெரியாத வயசு,
படியிறங்கும்போது கேட்டது.

பால்கனியிலிருந்து பார்த்தேன்.
பாடிப் பக்கம் ஸ்கூட்டர் திரும்பும்வரை
அந்தப் பச்சை தெரிந்தது.
கடைக்காரர் சொன்ன லைட்டை எடுத்திருந்தால்
தெரிந்திருக்காது.

உள்ளே,
அவன் சாய்ந்த இடம் கொஞ்சம் மங்கியிருக்கிறது.
டிவி அளவுக்குக்கூட இல்லை.
வாளியில் மீதி இருக்கிறது,
மஸ்தான் பாய் நாளைக்கு வருவார்,
ஒரு கோட் போதும்.

ஆறிப்போன இட்லித் தட்டோடு
பெஞ்சில் உட்கார்ந்தேன்,
அவன் பக்கத்தில்,
முதல் முறையாக நடுவில்,
சுவரில் சாயாமல்.