குறைஞ்சது

விடிய கரண்ட் போனது. உவர்மலை நிலையத்தில்
ஐஸ்பெட்டிக்கு மாற்றிய போத்தல்கள் வேர்த்துப்
பெயர்கள் கரைந்தன.
இரண்டில் ‘ஷ’ மட்டும் மிச்சம்.

ஷஹ்மாவா, ஷர்விகாவா?
ஒரே மூடி. வெள்ளையிடம் கேட்டு என்ன?
தொட்டிலில் ஷஹ்மா அழத் தொடங்கிவிட்டாள்.
ஊகித்துக் கொடுக்கிற பொருள் இல்லை இது.

கச்சேரிக்கு அழைத்தேன்.
முத்திரை குத்தும் சத்தம்,
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
“ரெண்டுல குறைஞ்சது என்ட, மிஸ்.”

எண்பது மில்லி.
அடுப்பில் வைக்கவில்லை;
கோப்பைச் சுடுநீரில் நிறுத்தி
ஒதுங்கிய ஆடை கலக்கும்வரை சுழற்றி
மணிக்கட்டில் ஒரு சொட்டு.
கன்னியாவின் ஏழு கிணற்றில்
முதல் வாளிக்கே தோள் சம்மதிக்கும் ஒன்று உண்டே,
அந்தச் சூடு.

குடித்தாள். உறங்கினாள்.
அடியில் பதினைந்து.
வாய் பட்டது திரும்பக் குளிருக்குப் போகாது.
குழாயைத் திறந்துவிட்டு
சத்தம் கேட்காமல் ஊற்றினேன்.

பின்னேரம் கொப்பியில்
குடித்தது 65, ஊற்றியது 15.
பதினைந்தின் மேல் விரலை வைத்தபடி நின்றார் உம்மா.
“நாளைக்குச் சின்னப் போத்தல் ரெண்டுல தாறன்” என்றார்,
“பேரைத் துணியில தைச்சு.”